கூட்டக் கூடாத நாள்

வலது கையில் விளக்குமாறு, இடது கை முதுகுக்குப் பின்னால். வைரவன் கூட்டுவது எப்போதும் இப்படித்தான். சுவரோரம் தொடங்கி, கட்டிலுக்கடியில் நுழைந்து, வாசலில் முடிப்பார். போனவர் திரும்பி வந்து ஒரு தடவை தரையைப் பார்ப்பார். "நமக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை இது. இதுலயும் கோட்டை விட்டா மூஞ்சிய எங்கிட்டு வச்சுக்கிறது?" என்பார். கோட்டை விட்ட கதையையும் அவரே சொல்லிச் சிரிப்பார்.

சவூதியில் ஜுபைல், அங்கே தைவான்காரர்கள் கம்பெனியின் கேம்ப். தேவகோட்டைப் பக்கத்து வைரவன் அங்கே நாலு வருஷமாகக் கூட்டிக்கொண்டிருந்தார். வயது முப்பத்தாறு, உச்சந்தலையில் முடி இல்லை. எண்பத்தைந்தாம் வருஷம் பங்குனியில் கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது, மாப்பிள்ளைக்குத்தான் லீவு கிடைக்கவில்லை. ஏற்கெனவே ஒரு முகூர்த்தம் தள்ளிப்போயிருந்தது. இதுவும் தவறினால் வேறு இடம் பார்ப்பதாகப் பெண் வீட்டார் கடிதம் போட்டுவிட்டார்கள். லீவுத் தாளோ, எஞ்சினியர் லின் அறை மேஜையில் பத்து நாளாகக் கையெழுத்துக்குக் கிடந்தது.

அந்த மாசியில் தைவான்காரர்களின் புது வருஷம் வந்தது. முந்தின வாரமே மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவச் சொன்னார்கள், கதவுகளில் சிவப்புத் தாள் ஒட்டினார்கள். நம்மூர்ப் போகிதான் என்று வைரவன் முடிவுகட்டிவிட்டார். விடிந்ததும் லின் அறையை எட்டிப் பார்த்தால், தரை முழுக்க ராத்திரி கொறித்துப் போட்ட தர்பூசணி விதைத் தோல், கடலைத் தொலி, ஆரஞ்சுத் தோல். மனிதர் குளிக்கப் போயிருந்தார். நல்ல நாளும் அதுவுமாக இப்படியா கிடப்பது? மேஜையிலிருந்த தாளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்று விடாமல் கூட்டி, வாசல் வழியாகத் தள்ளி, மெஸ் பக்கத்துக் குப்பை டிரம்மில் கொட்டினார். மெஸ்ஸுக்குப் போய் அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

மெஸ் சமையல்காரர் கௌஸ் முகைதீன் முன்னே சிங்கப்பூரில் இருந்தவர். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னிக்கு அவுங்க வீட்டுல வெளக்குமாத்தையே ஒளிச்சு வச்சிருவாங்க வைரவா. கூட்டுனா அந்த வருசத்து அதிர்ஷ்டமெல்லாம் வாசல் வழியாப் போயிருமாம். நீ அதைத்தான் தள்ளிட்டு வந்திருக்கே. இனிமே கையெழுத்துப் போடுவாரு, பாத்துக்கிட்டே இரு."

வைரவன் டிரம்முக்கு ஓடினார். ஒரு கையால் சட்டையை ஏந்தி, மறு கையால் அதில் அள்ளி, லின் அறைக்குக் கொண்டுபோய்ப் பரப்பினார்.

"நாலு வருசமா வெளிய அள்ளுனவன், அன்னிக்கு உள்ள அள்ளிப் போடுறேன். அதுலயும் ஒழுங்கு பாருங்க, கடலைத் தொலி ஒரு பக்கம், வெதைத் தோல் ஒரு பக்கம். கிறுக்கன்" என்று பின்னாளில் தன்னையே சொல்லிச் சிரிப்பார் வைரவன்.

நிமிர்ந்தால், தோளில் துண்டோடு லின். தரையைப் பார்த்தார். மெஸ்ஸின் முட்டை ஓடும் வெங்காயச் சருகும் அவருடைய அதிர்ஷ்டத்தோடு கலந்து கிடந்தன.

"க்ளீன் மாஃபி சார், க்ளீன் மாஃபி," என்றார் வைரவன், கூட்டவே இல்லை என்று தனக்குத் தெரிந்த அரபியில். சொல்லும்போதே அது பொய் என்று அவர் காதுக்கே பட்டது.

சிரிப்பை அடக்கியதில் லின் உதட்டோரம் துடித்தது. முட்டை ஓட்டைத் தாண்டிப் போய், தாளில் கையெழுத்துப் போட்டு, வைரவன் சட்டைப் பையில் செருகினார். பிறகு மேஜைத் தட்டிலிருந்து ஒரு தர்பூசணி விதையை எடுத்துக் கடித்து, தோலை வைரவன் காலடியில் போட்டார்.

வைரவனின் வலது கை அதை எடுக்கத் தானாகக் கீழே போயிற்று. முதுகுக்குப் பின்னால் இருந்த இடது கை வந்து அதை இறுகப் பிடித்துக்கொண்டது.