அப்பாவுக்குக் காய்ச்சல்

வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். அம்மாவுக்கு வாய் இருந்தது. பாப்பாரப்பட்டிச் சந்தையில் அம்மாவின் குரல் கேட்டாலே கத்தரிக்காய்க்காரர் தராசைச் சரிசெய்துகொள்வார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை தர்மபுரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிட்டது. குடிகாரர்கள் கூடுகிற இடம் எது என்று புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தப் பெண் கேட்பாள்?

அப்பா லாரி ஓட்டினார். போதையில் தொப்பூர் இறக்கத்தில் வண்டியைக் கட்டைச்சுவரில் மோதிவிட்டு, சிராய்ப்போடு தப்பி வந்தார். முதலாளி சாவியை வாங்கிக்கொண்டு, குடியை விட்டால் வா என்று அனுப்பிவிட்டார். விடுகிறேன் என்று அப்பா சத்தியம் செய்தார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. ஆஸ்பத்திரி நர்சம்மாதான் அம்மாவிடம் சொன்னார்: தர்மபுரியில் ஞாயிறு சாயங்காலம் குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள், கூட்டிப் போ என்று.

சர்க்கார் சாராயக் கடைகளைத் திறந்து, மறுபடியும் மூடி, குடிப்பதே குற்றம் என்றிருந்த காலம் அது. குடித்தவர்களைத் துண்டால் கைகளைக் கட்டிப் போலீஸ் நடத்திக் கூட்டிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். மாமா வேறு, "அங்க போயி நான் குடிகாரன்னு வாயத் தொறந்து சொல்லோணுமாம். சொன்னதும் போலீசு அள்ளிக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். மாமாவுக்குச் சிரிப்பு. நான் பஸ் முழுக்க அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

கடைசியில் அம்மா ஒரு வெற்றிலைக் கடைக்காரரிடம் போய், தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணா, இவுங்கள மாதிரி ஆளுங்க வர்ற எடம் இங்க எங்கீங்க?" என்றார். அவர் அப்பாவின் சிவந்த கண்ணைப் பார்த்தார், நடுங்கும் கையைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. "அந்தப் புளியந்தோப்புக்குள்ள போங்க. வெளிய ஒருத்தருகிட்டயும் சொல்லாதீங்க" என்றார்.

தோப்புக்குள் ஒரு மனிதர் லாரி டியூபை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். எனக்கு முன்னால் என் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவின் சட்டையில் வருகிற அதே நாற்றம். அம்மாவுக்கும் தெரிந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். அந்த ஆள் டியூபிலிருந்து ஒரு கிளாஸில் சாராயத்தை ஊற்றி நீட்டினார். "குடும்பத்தோட வந்த மொத ஆளு நீதான்யா. இந்தா, புடி."

அப்பா கிளாஸைப் பார்த்தார். நான் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்திருந்தேன். அந்தக் கை என்னையும் இழுத்துக்கொண்டு கிளாஸ் பக்கம் போய், திரும்பி வந்தது.

"இது வேணாங்கண்ணா" என்றார் அப்பா. "இத வுடறதுக்குன்னு கூடறாங்களாமே, அது எங்கீங்க?"

அந்த ஆள் வாயைப் பிளந்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "எம் பொழப்பக் கெடுக்கற எடத்துக்கு எங்கிட்டயே வழி கேக்கறியா? போ, போ. கொளத்தத் தாண்டுனா ஓட்டுப் பள்ளிக்கூடம், பச்சக் கதவு. பாத்திரக்கடை பாய் இருப்பாரு. எங்கிட்டயிருந்து போன ஆளுதான். நான் கேட்டேன்னு சொல்லு." அத்தனை பெரிய ஊரில் அவருக்குத்தான் சரியாக வழி தெரிந்திருந்தது.

பச்சைக் கதவுக்குள் பத்துப் பன்னிரண்டு பெரிய ஆட்கள், சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். பாத்திரக்கடை பாய் எழுந்து, "நான் குடிகாரனுங்க. இன்னிக்கிக் குடிக்கல" என்றார். எல்லாரும் தலையசைத்தார்கள். அடுத்தவரும் அதையே சொன்னார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா சொன்னது அப்படியே நடக்கிறது. இனி பூட்ஸ் சத்தம்தான் பாக்கி.

அப்பாவின் முறை வந்தது. அவர் எழுந்து வாயைத் திறந்தார்.

எங்கள் வீட்டில் எனக்கு ஒரு பாடம் உண்டு. அப்பா குடித்துக் கிடக்கும்போது முதலாளியின் ஆள் வந்தாலும், பக்கத்து வீட்டில் கேட்டாலும் ஒரே பதில்தான். அதுவரை நான் சொன்ன காய்ச்சலுக்கெல்லாம் தனியாக ஓர் ஆஸ்பத்திரி கட்டியிருக்கலாம். எழுந்து நின்று கத்தினேன்: "எங்கப்பாவுக்குக் காய்ச்சலுங்க! அவரு குடிக்கவே மாட்டாருங்க!"

ஒருவரும் சிரிக்கவில்லை. பாய் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா கையை என் தலைமேல் வைத்தார்.

"புள்ள பொய் சொல்லுதுங்க. நாந்தான் சொல்லிக் குடுத்தேன். எனக்குக் காய்ச்சல் இல்லீங்க. நான் குடிகாரன்."

அம்மா உடைந்து அழுதார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். நான் காப்பாற்றப் போய், அவரே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ் நின்ற இடத்திலெல்லாம் காக்கிச் சட்டையைத் தேடினேன். கண்டக்டர் விசில் ஊதியதற்கே அழுதேன்.

அடுத்த ஞாயிறு, சோறு உண்டதும் அப்பாவின் செருப்பை எடுத்து விறகுக் குவியலுக்குள் ஒளித்துவைத்தேன். செருப்பில்லாமல் அந்தப் பச்சைக் கதவுக்கு எப்படிப் போவார்? அப்பா வீடெல்லாம் தேடினார். அம்மாவும் தேடினார். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

"கெடக்கட்டும் வுடு, பஸ்ஸு போயிரும்" என்று சொல்லிவிட்டு அப்பா இறங்கி நடந்தார்.

சித்திரை வெயில். தார் ரோட்டில் கால் பொறுக்காமல் தாவித் தாவி ஓடினார். போலீஸில் போய் மாட்டிக்கொள்ள இந்த மனுஷனுக்கு இத்தனை அவசரமா என்று, விறகுக் குவியலோரம் நின்று நான் தேம்பிக்கொண்டிருந்தேன்.