மொட்டைத் தலைக்கு ஒரு தொப்பி

மாங்கூழ் ஃபேக்டரியை விட்டு நடந்து வந்துகொண்டிருந்தேன். கையுறை கேட்டதற்கு, வேலை இல்லை என்று கேட்டைக் காட்டியிருந்தார்கள். மாங்காய்ப் பால் பட்டு விரல்கள் வெந்திருந்தன. அந்த சீசனில் அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் அப்படித்தான். சித்தூர் டவுனுக்குள் நுழைவதற்கு முன்பே திருப்பதியிலிருந்து வந்த பஸ் ஒன்று டயர் வெடித்து நின்றிருந்தது. இறங்கியவர்களில் ஒருவன் ஓடி வந்து என்னோடு சேர்ந்துகொண்டான்.

"தமிழா நைனா? பஸ் ஸ்டாண்டுக்கு இப்டித்தான போவணும்?"

மொட்டைத் தலை, அதில் காய்ந்து வெடித்த சந்தனம், கையில் லட்டுப் பை. குடியாத்தம் பக்கத்து வெல்டர். சவுதிக்கு விசா வந்ததும் வேண்டுதலை முடித்துவிட்டுத் திரும்புகிறான். கேட்காமலே சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினான். சாமி முன்னால் நின்றபோது அதை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தானாம்.

"ரெண்டு வருசம் ஏஜெண்ட் வாசல்ல கெடந்து வாங்கினது. வர வெள்ளிக்கெழம ஏறணும். இது பூட்ச்சின்னா நானே பூட்டேன்."

அப்போது எங்கள் பக்கத்து ஊர்களில் பாதிப் பேர் எங்கேயாவது கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பாஸ்போர்ட் உள்ளவன் விமானம் ஏறினான். இல்லாதவன் பெங்களூருக்குப் போனான். அதற்கும் துப்பில்லாத என்னைப் போன்றவன் ஃபேக்டரிக்கு ஃபேக்டரி நடந்தான்.

"சவுதியில சொட்டு கெடைக்காதாம்" என்றான். "இன்னிக்கி ஒரு நாளு இங்க ஒக்காந்து குடிச்சிட்டு, கடைசி பஸ்ஸப் புடிச்சிக்கறேன். நல்ல எடமா சொல்லு."

மலையில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, வீடு போய்ச் சேருவதற்குள் சித்தூரில் இறங்கிக் குடிக்கும் ஆட்களை எனக்குத் தெரியும். திருப்பதி லாட்ஜ் ஒன்றில் சில மாதம் ரூம் பாயாக இருந்தவன் நான். பை, வாட்ச், செருப்பு எல்லாம் தொலைத்துவிட்டு வேட்டியோடு வந்து நிற்கும் மொட்டைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் சொன்னேன்.

"மொதல்ல ஒரு தொப்பி வாங்குணா. இந்தத் தலையப் பாத்தா ஊரே வெளியூருன்னு சொல்லிடும். சாமி சாமின்னு கூப்புட்டுக்கினு வர ஆட்டோவுல ஏறாத. செவுரு ஓரமா ஒக்காரு. பாட்டில கண்ணு முன்னாலதான் தெறக்கணும். பின்னாடி ரூமு இருக்குது, வந்து பாருன்னு எவனாச்சும் சொன்னா எழுந்திரிக்காத."

"அப்புறம்?"

"தமிழ் பேசிக்கினு வந்து ஒட்டுறான் பாரு, அவன மட்டும் நம்பவே நம்பாத. எந்த ஊருன்னு கேப்பான். எங்க மாமனும் அந்தப் பக்கந்தான்னுவான். அவன்தான் உரிப்பான்."

அவன் சத்தமாகச் சிரித்தான். "அப்ப ஒன்ன?"

"என்னியும்தான்."

இருவருமே சிரித்தோம்.

கடைத்தெருவில் கிரிக்கெட் தொப்பி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டான். சட்டைப் பையில் பாஸ்போர்ட் துருத்திக்கொண்டிருந்தது. "வேற எங்கனா வெய்ணா. எங்க வெக்கறன்னு எனுக்கும் காட்டாத" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாருக்குள் நான்தான் முதலில் போய்ச் சுவரோரமாக ஒரு மேஜை பிடித்தேன். அவன் கொஞ்சம் தாமதித்து வந்தான்.

பிராந்தி சொன்னான். எனக்குக் கோழி வறுவல் சொன்னான். மத்தியானம் சாப்பிடாத வயிறு. "துன்னு நைனா, துன்னு" என்று தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தான். மகள் அழுவாள் என்றான். அங்கே வெயில் எப்படி இருக்கும் என்று சவுதியைப் பார்க்காத என்னிடம் கேட்டான். வியர்த்துப்போய்த் தொப்பியைக் கழற்றினான். நான் மறுபடி மாட்டிவிட்டேன்.

ஒன்றுக்குப் போய்விட்டு வந்தபோது அவன் எழுந்து நின்று சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தான். இடுப்பு, பேண்ட் பை, மேஜைக்கு அடியில், எல்லா இடமும் தேடினான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை வந்தவுடனேயே ஓடியிருக்க வேண்டும். சாப்பிட்ட வாயோடு ஓடத் தோன்றவில்லை.

"இவன்தான். வழியில ஒட்டிக்கினான். தமிழ் பேசிக்கினு வந்தான்" என்று கல்லாவைப் பார்த்துக் கத்தினான்.

"நீதானணா என்கிட்ட வந்து வழி கேட்ட?"

"எனுக்கே பாடம் எடுத்தான் சார். எங்க வெக்கணும், எங்க வெக்கக் கூடாதுன்னு எல்லாம் சொன்னான் சார்."

பார் முதலாளி எழுந்து வந்தார். வெளியூர்க்காரனின் பாஸ்போர்ட் அவர் கடையில் தொலைந்தால் போலீஸ் அவர் கடைக்குத்தான் வரும். அவருக்கு உடனே ஒரு திருடன் வேண்டும். சப்ளையர்கள் அவர் ஆட்கள். மற்ற மேஜைக்காரர்கள் தினமும் வருகிறவர்கள். யாரையும் சேராதவனாக நான் ஒருவன்தான் இருந்தேன்.

"ஏ ஊருரா நீதி?"

"ராமகுப்பம் பக்கம்."

"இக்கட ஏம் பனி?"

ஒரு வேலையும் இல்லை என்பதுதான் உண்மை. அதைச் சொன்னதும் முதல் அடி விழுந்தது. சட்டையைக் கிழித்தார்கள். பேண்டைக் கழற்றி உதறினார்கள். ஒரு சீப்பு விழுந்தது.

"அவரேதான் எங்கியோ வெச்சாரு" என்றேன்.

"எங்க?"

"நான் பாக்கல. திரும்பிக்கினேன்."

"ஏன்டா திரும்பிக்கின?" ஒரு சப்ளையன் கேட்டான். "பொம்பள குளிச்சிக்கினு இருந்தாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதற்கு மேல் நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. வெல்டர் அடிக்கவில்லை. மேஜையில் தலையை முட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று அழுதுகொண்டிருந்தான். எனக்கே அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அடி வாங்கிக்கொண்டே பாவப்பட்டேன். அது எதற்கும் உதவவில்லை.

வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது. எதிரில் வாழைப்பழத் தள்ளுவண்டி வைத்திருந்தவள். உள்ளே வராமல் படியிலேயே நின்று கத்தினாள்.

"ஐயா! அந்த லட்டுப் பைய வந்து எடுத்துக்கினு போறியா, இல்லியா? நான் வண்டியத் தள்ளணும்."

பிராந்திக்கடைக்குள் பிரசாதத்தைக் கொண்டுவரக் கூடாது என்று அவளிடம் பையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அவன் கையில் பை இல்லாததை நான் கவனிக்கவே இல்லை. அவன் வெளியே ஓடினான். இரண்டு லட்டுகளுக்கு நடுவில் பாஸ்போர்ட் இருந்தது. அட்டையில் நெய் ஏறியிருந்தது. சாமிக்குப் பக்கத்தில் இருந்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று அங்கே வைத்தானாம். வைத்தது பிராந்தியில் மறந்துபோயிற்று. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

முதலாளி உள்ளே போய்விட்டார். சப்ளையன் என் பேண்டைத் தூக்கி வெளியே எறிந்தான்.

வெல்டர் ஒரு லட்டைப் பிட்டு நீட்டினான். "தப்பா நெனச்சிக்காத நைனா. நீதான சொன்ன, நம்பாதன்னு."

வாங்கிக்கொண்டேன். தாடை அசையவில்லை. கன்னத்தில் அடக்கி வைத்துக் கரையவிட்டேன். அவன் தொப்பி உள்ளேயே இருந்தது. எடுக்கப் போகவில்லை. குடியாத்தம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டான். கை காட்டினேன். போய்விட்டான். வெள்ளிக்கிழமை ஏறியிருப்பான்.

பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் படுத்திருந்தேன். விடிந்ததும் பக்கத்து மெஸ்ஸில் வேலை கேட்டேன். பந்தியில் இலை போட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மெஸ்காரர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு கண் மூடியிருந்தது. உதடு தொங்கியது.

"ஏமாயிந்தி?"

"பஸ்ஸுலனுஞ்சி படிப்போயா."

பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டேன் என்றதை அவர் நம்பவில்லை. என்றாலும் ஆள் வேண்டியிருந்தது. இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சாப்பிட வருகிறவர்கள் முன்னால் நிற்கக் கூடாது, வீக்கம் வடிகிற வரைக்கும் பின்பக்கம் இருந்துகொள் என்றார். சாம்பார் அண்டாக்கள் கழுவும் வேலை. இரண்டு வேளை சாப்பாடு, படுக்க விறகுக் கொட்டகை. சரி என்று சொல்லிவிட்டு, முதல் அண்டாவை உருட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.