இரும்புக்கு எப்போதும் ஒரே பதில்

ஓட்டல் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் அந்தச் சலவை ஆலையில் அவளுக்கு இரும்பு என்று பட்டம். உடம்பு சரியில்லை என்று ஒருநாள்கூடப் படுத்ததில்லை. இந்த ஊருக்குப் பிழைக்க வந்த புதிதில், அவள் இனத்துப் பெண் ஒருத்தி முதுகுவலி என்று வாய் திறந்தாள். மறுவாரமே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து யார் கேட்டாலும் இரும்பு, "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வாள்.

விரிப்பின் மறுமுனையைப் பிடித்து அவளோடு சேர்ந்து அதை இஸ்திரி இயந்திரத்துக்குள் விடுபவளை எல்லோரும் நெட்டச்சி என்பார்கள். வேறு இனம், வேறு நிறம், இந்த ஊரிலேயே பிறந்தவள். காலையில் வந்ததுமே முட்டிவலிப் புராணத்தை ஆரம்பித்துவிடுவாள். "அவளுக்கு வாயிலதான் வியாதி" என்று இரும்பு வீட்டுக்காரனிடம் சிரிப்பாள்.

வருடாந்தரப் பரிசோதனைக்கு நர்ஸ் வந்த அன்று, விடிந்ததிலிருந்தே இரும்பின் நெஞ்சில் பாறாங்கல் ஏறி உட்கார்ந்திருந்தது. இடது கை மரத்தது. விரிப்பு கைநழுவி விழுந்தது.

"என்ன பண்ணுது உனக்கு?" என்றாள் நெட்டச்சி.

"ஒண்ணுமில்ல. துணியப் பிடி."

சாப்பாட்டு அறையில் நர்ஸுக்கு மேசை போட்டிருந்தார்கள். கதவோரம் சூப்பர்வைசர் நின்றார்.

"உடம்பு எப்படி இருக்கு? நல்லாவா, சுமாரா, மோசமா?" நர்ஸ் கேட்டாள்.

"நல்லா இருக்கேன்."

வரிசையில் பின்னால் நின்ற நெட்டச்சி, "பொய் சொல்றா. காலையிலேர்ந்து நெஞ்சப் பிடிச்சிட்டு நிக்கிறா" என்றாள்.

பிழைப்பில் மண்ணைப் போடுகிறாளே பாவி. இரும்பு நிமிர்ந்து உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் இவளையே பார்த்தார். "நெஞ்செரிச்சல்தான் மேடம். அவளுக்கு என்ன தெரியும்?"

நர்ஸ் அவள் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். "உங்க ஆளுங்களக் கேட்டா எல்லாரும் நல்லா இருக்கேங்கறீங்க. அவங்க ஆளுங்களக் கேட்டா எல்லாரும் சுமார். பரிசோதிச்சுப் பாத்தா தலைகீழா இருக்கு." பட்டையில் காற்று இறங்கியது. நர்ஸின் குரல் மாறியது. "ஆம்புலன்சக் கூப்பிடுங்க."

"வேணாம், நானே நடந்து போயிடுவேன்." எழுந்தவளுக்கு அறை சுழன்றது. கீழே விழாமல் தாங்கியது நெட்டச்சியின் கைதான்.

இதய ரத்தக் குழாயில் அடைப்பு. ஆஸ்பத்திரியில் அதை நீக்கிவிட்டார்கள். மறுநாள் மாலை நெட்டச்சி பார்க்க வந்தபோது இரும்பு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. உன்னைக் கேட்டாங்க, நீ சொல்லல. செத்திருப்ப."

சுவரைப் பார்த்தபடியே, "வேலை இருக்குமா?" என்றாள் இரும்பு.

"தெரியல."

"பயமா இருக்கு." அப்படி ஒரு சொல்லை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வேலை இருந்தது. ஆனால் துண்டு மடிக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் கோபம் மட்டும் அவளுக்கு நெட்டச்சி மேல் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.