பஸ்ராக்காரர் சுற்றிக் காட்டிய தேசங்கள்

எங்கள் தெருவில் வந்து நேசையன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. பஸ்ராக்காரர் வீடு என்று கேட்டால் கட்டிக் கிடக்கும் மாடுகூடத் திரும்பிப் பார்க்கும். ஜெர்மன் சண்டையின்போது பட்டாளத்தோடு கப்பலேறி அரபு தேசத்துப் பஸ்ராவுக்குப் போனவர் அவர். திரும்பி வந்தபோது கையில் ஒரு தகரக் குவளையும், உடம்பில் முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஒரு கோட்டும், வாயில் உலகத்தில் உள்ள அத்தனை தேசங்களும் இருந்தன.

பிறகு ராஜபாளையத்து ஜின்னிங் பாக்டரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பகலெல்லாம் பஞ்சு, சாயங்காலம் கதை. அவர் வீட்டுச் சுவரில் ஜவுளிக் கட்டுகளின் மேல் ஒட்டி வரும் படச் சீட்டுகளை வரிசையாக ஒட்டி வைத்திருந்தார். குடை பிடித்த ஜப்பான் பெண், சிவப்புக் கோட்டுத் துரையும் அவருடைய மூன்று நாய்களும், ரோஜாப்பூவை மோந்து பார்க்கும் மொகலாய ராஜா. மாவு அரைக்க அந்த வீட்டு ஆட்டுரலுக்குப் போகிற நாங்கள் படங்களைத் தினமும் பார்த்தோம். கதைகளையும் தினமும் கேட்டோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் மனைவி ஏசம்மாள் அக்காவுக்கு மட்டும் தோன்றியிருக்க வேண்டும். படங்களின் மேல் தூசி படியாமல் துடைத்து வைப்பது அவள்தான்.

பஞ்சுத் தூசி அவருக்கு இருமலாக இறங்கியது. இனி பாக்டரிக்குள் கால் வைத்தால் ஆளே மிஞ்சமாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அக்கா வீட்டில் நாளைக்கு ஒரு வேளைதான் அடுப்பு எரிந்தது. அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் சீமைத் தோட்டம் திறந்தது.

பஞ்சு வியாபாரத்தில் பெருத்த முதலாளி ஒருவர் கப்பலில் ஊர் சுற்றி வந்து, கண்டதையெல்லாம் தோட்டமாக வைத்திருந்தார். ஜப்பான் ஒரு மூலை, இங்கிலாந்து ஒரு மூலை. மொகலாயர் காலம், அரபு தேசம் என்று இன்னும் இரண்டு. வருகிற ஜனங்களுக்கு விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று மேனேஜர் பொன்னுராஜ் தேடினார். பஸ்ராக்காரர் பேர் அவர் காதுக்கும் போயிருந்தது.

“ஞாயித்துக்கெழம நாலு பேரக் கூட்டிட்டு வந்து சொல்லிக் காட்டும். நான் கூடவே நடந்து கேக்கேன். சரியா இருந்தா வேல ஒமக்கு” என்று சொல்லியனுப்பினார்.

கோயில் ஆராதனை முடிந்ததும் வண்டி கட்டினோம். அவர், அக்கா, நான், அடுத்த வீட்டு ஜெயபாய். ஜெயபாயின் அண்ணன் கொழும்பில் இருந்தவர். அதனால் கொழும்பைத் தவிர வேறு தேசம் எதுவும் உலகத்தில் இருப்பதை அவள் ஒப்புக்கொள்ளமாட்டாள். அவளை எதற்குக் கூப்பிட்டார் என்று அக்கா வண்டி முழுக்க முணுமுணுத்தாள்.

முதலில் ஜப்பான். ஒரு குட்டிக் குளம், அதன் மேல் கூன் விழுந்த ஒரு சிவப்புப் பாலம். பஸ்ராக்காரர் தொண்டையைச் செருமினார். அக்கா முந்தானை நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“ஜப்பான்ல பொம்பளைக குடை இல்லாம வெளிய வரமாட்டாக. வீட்டுக்குள்ளயும் குடைதான். சோறு வடிக்கும்போதும் ஒரு கையில குடை.”

“கூரை ஒழுகுமோ?” என்றாள் ஜெயபாய்.

“ஒழுகாது. அது மரியாதை.”

மேனேஜர் தலையை ஆட்டினார். அக்கா முந்தானையைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

இங்கிலாந்தில் வெட்டிச் சமப்படுத்திய புல் மட்டும்தான் இருந்தது. “வீட்டுக்கு மூணு நாய் வளக்கணும்னு அங்க சட்டம்” என்றார். “வளக்கலைன்னா போலீசு வரும். ஆனா அம்புட்டு நாயும் நம்ம ராசபாளையத்து நாய் ஒண்ணப் பாத்தா வாலை மடக்கிரும்.”

மேனேஜருக்கு இதில் மிகுந்த சந்தோஷம். “அப்படிப் போடும்!” என்றார்.

மொகலாயர் தோட்டத்தில் வாய்க்காலும் ரோஜாச் செடிகளும். அந்த ராஜாக்கள் பூவை மோந்துகொண்டேதான் தீர்ப்புச் சொல்வார்கள், பூ வாடிவிட்டால் வழக்கைத் தள்ளி வைப்பார்கள் என்று அவர் சொல்ல, ஜெயபாய் இடுப்பில் கை வைத்தாள்.

“அண்ணாச்சி, அவிய செத்து எத்தனையோ தலைமுறை ஆச்சே. நீங்க எப்பப் பாத்திய?”

பஸ்ராக்காரர் அசரவில்லை.

“நான் பாக்கல தாயி. பாத்தவன் பேரன் எங்கூடக் கப்பல்ல வந்தான்.”

மேனேஜர் சிரித்தே விட்டார். வேலை கிடைத்த மாதிரிதான். அக்கா முந்தானையை முழுதாக விட்டுவிட்டாள்.

கடைசியாக அரபு தேசம். வட்டமாகக் கொட்டிய மணல், நடுவில் ஈச்சமரங்கள், ஒரு வெள்ளைக் கூடாரம், வாசலில் பித்தளைக் கூஜா.

“இது ஒம்ம சொந்தத் தேசம்லா” என்றார் மேனேஜர். “அவுத்து விடும்!”

பஸ்ராக்காரர் ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்தார். கூடாரத்துக்குள் குனிந்து பார்த்தார்.

“ஈ” என்றார்.

“என்னது?”

“ஈங்க ஐயா. எம்புட்டு ஈ!”

“சரி, பொறவு?”

“வெங்காயம் உரிச்சேன்.”

“அரமனை, ராஜா, ராணி?”

“சமையக் கொட்டாய விட்டு வெளிய விடமாட்டாக. பின்னால முள்ளுக்கம்பி. அதுக்கு அங்கிட்டு மணலு.”

“ஒட்டகமாவது பாத்தீரா?”

“பாத்தேன். செத்துக் கெடந்துச்சு. அதத் தூக்க ஆளில்லாம ஒரு வாரம் கெடந்துச்சு.”

அக்கா கண்ணால் கெஞ்சினாள். ஒரு ராணியையாவது சொல்லித் தொலையுங்களேன் என்பது போல இருந்தது. அவர் அவள் பக்கமே திரும்பவில்லை. அவர் வீட்டில் அக்கா வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் அவர் எழுந்து தெருவுக்குப் போய்விடுவது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“கொழும்புல எங்கண்ணன் ஆனையே பாத்திருக்கான்” என்றாள் ஜெயபாய். “ஏட்டி ஏசம்மா, ஒன் வீட்டுக்காரரு பஸ்ராவுக்குப் போகவே இல்லட்டீ!”

ஜப்பானுக்காக அத்தனை வாதாடிய மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மணலை விட்டு வெளியே வந்தார்.

மேனேஜர் அவரைத் தனியாக அழைத்துப் போனார். தனியாக என்றாலும் அவர் குரல் மெதுவாகப் பேசத் தெரியாத குரல்.

“வேல ஒமக்குத்தான். நாளைக்கே வாரும். ஆனா ஒரு கண்டிசன். அரபு தேசத்துப் பக்கம் வாயத் தெறக்கக் கூடாது. போகாத ஊரப் பத்தி நமக்கென்னத்துக்கு? மத்த தேசமெல்லாம் ஒமக்கு அத்துப்படியா இருக்கு, அது போதும்.”

“சரிங்க ஐயா” என்றார் பஸ்ராக்காரர்.

திரும்பி வரும்போது பாதி வழியில் அக்கா முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“பஸ்ராக்காரர பஸ்ராக்குள்ள விடமாட்டாகளாம்!”

அவர் முறைத்தார். பிறகு அவரும் சிரிக்கத் தொடங்கி, அது இருமலாக மாறி, அக்கா நெஞ்சைத் தடவிவிட வேண்டியதாயிற்று. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஜெயபாய் என்னைக் கேட்டாள். தெரியாது என்றேன்.

தோட்டத்துக் காற்றில் இருமல் குறைந்தது. பட்டாளத்துக் கோட்டை வெட்டி அளவாகத் தைத்துப் போட்டுக்கொண்டு அவர் அங்கேயே பல வருஷம் இருந்தார். அடுத்த சண்டையில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் மேனேஜர் ஓடி வந்து, ஜப்பானை இனிச் சீனா என்று சொல்லச் சொன்னார். பஸ்ராக்காரருக்கு ஒரு சிரமமும் இல்லை. சீனாவிலும் பெண்கள் குடை பிடித்துக்கொண்டே சோறு வடித்தார்கள்.

அரபு தேசம் வந்ததும் ஜனங்களை உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார். நீங்கள் வரவில்லையா என்று யாராவது கேட்பார்கள்.

“நீங்க பாத்துட்டு வாங்க” என்பார். “எனக்கு அங்க ஈத் தொல்ல தாங்காது.”

கேட்டவர்கள் உள்ளே போய்ச் சுற்றிச் சுற்றித் தேடுவதை நானே பார்த்திருக்கிறேன். அந்த மணலில் மருந்துக்குக்கூட ஓர் ஈ கிடையாது.