தூங்கவிடாத டாக்டரம்மா

செவ்வாய்க்கிழமை காலை கொரட்டூரில் ரயிலுக்கு நின்றிருந்தபோது செய்தி வந்தது. மயக்கவியல் மருத்துவர் ரூபி எஸ்தர் ஆவடியில் தம் வீட்டிலேயே மாரடைப்பால் காலமாகிவிட்டார். பத்து நிமிடத்திற்குள் எங்கள் மருத்துவமனையின் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படங்கள் குவிந்தன. முதலில் கைகூப்பியவர், அவரை வெளியே அனுப்பிய நிர்வாகி. இருந்தபோது ஒரு நாற்காலி கொடுக்க மனம் வராதவர்கள், செத்த பிறகு மலர்வளையத்துக்கு ஆள் அனுப்பினார்கள்.

அவரிடம் பதினொரு ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்தவன் நான். மருந்தை ஊசியில் ஏற்றி வைப்பதும், அவர் சொல்லும்போது சொன்ன அளவு செலுத்துவதும் என் வேலை. அஞ்சலிக் குறிப்பை என்னிடம்தான் கேட்டார்கள். "விருப்ப ஓய்வுன்னு போட்டுடு" என்றும் சொல்லி அனுப்பினார்கள். போடப்போவதில்லை.

அறிமுகமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். அறுவைக்கு முன் ஆளைத் தூங்கவைத்து, மூச்சுக்குழாயில் டியூப் போடுவது வழக்கம். வாய் திறக்காதவர்கள், கழுத்து வீங்கியவர்களிடம் அது நடக்காது. தூங்கவைத்ததும் தொண்டை அடைத்துக்கொள்ளும், டியூப் போகாது, போன மூச்சும் திரும்பாது. அத்தகையவர்களுக்கு டாக்டர் விழிப்பிலேயே மூக்கு வழியாக டியூப் போடுவார். அதற்கு மூக்கும் தொண்டையும் முழுதாக மரத்துப்போக வேண்டும். பயம் தணிய மட்டும் கொஞ்சம் மயக்க மருந்து. "கண்ணு சொருகணும், காது கேக்கணும். அதுக்கு மேல ஒரு சொட்டு வேணாம்" என்பார்.

நான் சேர்ந்த புதிதில், திருமழிசைப் பட்டறையிலிருந்து ஒரு லேத் தொழிலாளி வந்தார். சொத்தைப் பல்லின் சீழ் கழுத்துவரை இறங்கி, வாயில் ஒரு விரல் நுழையவில்லை. பல்லைக் கடித்தபடியே கேட்டார்: "இன்னாம்மா, முழிச்சிகினு கீறப்பவே கொயாய உடப் போறியா?"

"ஆமா அண்ணாத்தே. நீங்க முழிச்சிருந்தாத்தான் மூச்சு உங்க கையில இருக்கும்."

டாக்டர் மரத்துப்போகும் மருந்தைப் புகையாக இழுக்கவைத்தார், மூக்கில் விட்டார், காத்திருந்தார். நடுவில் அந்தத் தொழிலாளியின் மகள் எந்த வகுப்பு என்று விசாரித்தார். "தொண்ட கீதா இல்லியான்னே தெர்லம்மா" என்று அவர் சொன்ன பிறகுதான், டியூப் கோத்த, தொண்டைக்குள் பார்க்கும் மெல்லிய கருவியை டாக்டர் கையிலெடுத்தார். எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து நிமிடம். அந்த மருந்தை ஒருமுறை என் கண்ணெதிரே தம் தொண்டையிலேயே அடித்துப் பார்த்தவர் அவர். கசப்பில் முகம் கோணியது. "எப்பிடி இருக்கும்னு தெரியாம அவங்களுக்கு நான் என்னத்த தைரியம் சொல்றது?" என்றார்.

அந்த இருபத்தைந்து நிமிடம்தான் எங்கள் தலைமை அறுவை மருத்துவருக்கு ஆகவில்லை. "தூங்கவிடாத டாக்டரம்மா" என்று பெயர் வைத்ததே அவர்தான். நாங்களும் சிரித்தோம்.

மூன்று வருடத்துக்கு முன், திருநின்றவூர்த் தையல்காரர் ஒருவர் வந்தார். தாடையில் புற்றுநோய். டாக்டர் குனிந்து கருவி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன அளவு மயக்க மருந்தைச் செலுத்திவிட்டு, மீதி இருந்த ஊசியோடு நான் நின்றிருந்தேன். அறுவை மருத்துவர் என் காதருகே வந்து, "மீதியையும் தள்ளுடா தேவா, அடுத்த கேஸ் நிக்குது" என்றார். மயக்க மருந்துக்கு உத்தரவு போட அவருக்கு உரிமை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே தள்ளினேன்.

நெஞ்சு ஏறி இறங்குவது நின்றது. "ஐயா, மூச்ச இழுங்க! ஐயா!" என்று டாக்டர் உரக்கக் கூப்பிட்டும் அசைவில்லை. டாக்டர் என் கையிலிருந்த காலி ஊசியைப் பார்த்தார். தாடையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். கருவி ஏற்கெனவே குரல்வளை அருகே இருந்ததால் டியூப் போய்விட்டது. தையல்காரர் பிழைத்தார், ஆனால் பல நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தார்.

விசாரணையில், "மருந்துக்குப் பொறுப்பு நான்" என்று மட்டும் டாக்டர் சொன்னார். என்னைக் கேட்டார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், மேடம்தான் பாத்தாங்க" என்றேன். வேலை போய்விடும் என்ற பயம். அவருடைய முறையே ஆபத்தானது என்று எழுதி முடித்தார்கள். எந்த முறை அன்று ஓர் உயிரைக் காப்பாற்றியதோ, அதையே குற்றமாக எழுதினார்கள்.

வேலையிலிருந்து அனுப்பப்பட்டுக் கிளம்பும்போது டாக்டர் படிக்கட்டில் என்னைப் பார்த்து நின்றார். "உன் பேர நான் சொல்லல. நீயே சொல்லுவேன்னு நெனச்சேன் தேவா." அதன் பிறகு பூந்தமல்லிப் பக்கம் சிறிய கிளினிக்குகள் கூப்பிட்டபோதெல்லாம் பஸ் ஏறிப் போய்வந்தார். நான் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

நேற்று கல்லறையில் மண் போட வரிசையில் நின்றபோது அவர் மகள் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தாள்.

"அங்கிள், அன்னிக்கு அம்மா தப்புப் பண்ணாங்களா?"

"இல்லம்மா. ஊசியத் தள்ளினது நான்."

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. "ஆஸ்பத்திரிலேருந்து யாராவது கூப்பிடுவாங்கன்னு அம்மா ரொம்ப நாள் செல்போனப் பக்கத்துலயே வெச்சிட்டு இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவரிடம் போய்விட்டாள். என் முறை வந்தது. கைப்பிடி மண்ணைப் போட்டேன். பெட்டியின் மேல் விழுந்த சத்தம் கேட்டது.

இப்போது சொல்லிவிட்டேன் டாக்டரம்மா. கேட்கத்தான் நீங்கள் இல்லை. போய்வாருங்கள்.