நாற்பதைத் தாண்டி ஏரியில் இறங்கிய அம்மா

அம்மாவை உங்களில் பலர் கோயில் மடைப்பள்ளியிலும் கல்யாண வீட்டுச் சமையற்கட்டிலும் பார்த்திருப்பீர்கள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, படகில் நின்றபடி விரால் மீனோடு மல்லுக்கட்டும் அம்மாவைப் பார்த்தவர்கள் குறைவு. எங்களுக்கோ அவர்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். அவர் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், அந்த அம்மாவைப் பற்றியே எழுதுகிறேன். தமிழ் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் இதை வாசித்துக் காட்ட வேண்டுகிறேன்.

த்வாண்டே ஊரில், நெல்வயல் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர் அம்மா. தகப்பனார் சீக்கிரமே காலமாகிவிட, படிப்பை விட்டு யாங்கோன் நகரத்துக்கு வந்தார். அங்கே லான்மடா பேட்டையில் தாய்மாமன் வீட்டில் தங்கி ரவிக்கை தைத்தார். அதே தெரு மசாலாக் கடையில் வேலை பார்த்த அப்பாவுக்கு அவரைக் கட்டிக்கொடுத்தார்கள். அதன் பிறகும் தையல் மெஷின் ஓயவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதற்கு உறை போட்டுவிட்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு, அப்பா, நான், தம்பி எல்லோரையும் மாவ்பி பஸ்ஸில் ஏற்றிவிடுவார். மாவ்பிக்கு அப்பால் உள்ள ஏரியில் ஊ தின் என்ற பர்மியப் பெரியவர் படகு வாடகைக்கு விட்டார். அவர் மனைவி டாவ் சான் கரையில் டீக்கடை வைத்திருந்தார்.

எங்கள் வீட்டில் தூண்டில் அம்மாவுக்குத்தான் வசப்பட்டது. தூண்டிலில் கட்டிய ரப்பர் தவளையை அல்லி இலைகள் மேல் தத்தித் தத்தி இழுத்து வருவார்; இலையைக் கிழித்துக்கொண்டு விரால் பாயும். செந்நிறக் குஞ்சுகள் மொய்க்கும் இடத்தில் மட்டும் போடவே மாட்டார். தம்பி அடம்பிடித்தால், "குஞ்சு மேய்க்கிற விரால்டா அது. தாயப் புடிச்சா அதுங்கள யாரு பாப்பா? அந்தாண்ட போடு" என்பார்.

நான் வயதுக்கு வந்த புதிதில், கரையோரப் பலகையிலிருந்து மீனை எட்டிப் பிடிக்கப்போய் ஆழத்தில் விழுந்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. அம்மா இடுப்பளவுத் தண்ணீர்வரை ஓடிவந்து, அதற்கு மேல் வர முடியாமல் நின்று அலறினார். ஊ தின் குதித்து என்னைத் தூக்கி வந்தார். நான் இருமி மூச்சுவிட்ட பிறகுதான் அம்மா அலறலை நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தூண்டில்களைக் கட்டிப் பரணில் போட்டார்.

"இத்தோட போதும். இனிமே ஏரியும் வேணாம், மீனும் வேணாம்."

"மீன் என்னங்க பண்ணுச்சு? புள்ள முங்குறப்ப நான் மரமாட்டம் நின்னேன். நான் நீந்தக் கத்துக்கப் போறேன்."

"இந்த வயசுலயா? நாலு பேரு சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். யாபாடே."

'பரவாயில்லை' என்பதை அம்மா பர்மியச் சொல்லில்தான் சொல்வார். அதைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

அடுத்த ஞாயிறு தூண்டில் இல்லாமல் ஏரிக்குப் போனோம். டாவ் சான்தான் கற்றுக்கொடுத்தார். மார்புக்கு மேல் முடிந்த லோஞ்சிக் கைலிக்குள் காற்றைப் பிடித்து, பந்துபோல் உப்பவைத்து மிதப்பதுதான் முதல் பாடம். கரையில் இருந்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். நம் உறவிலும் சிலர், வயதுவந்த பெண்ணை வைத்துக்கொண்டிருப்பவள் செய்கிற காரியமா இது என்று கேட்டார்கள். அம்மாவுக்கு மூக்கில் தண்ணீர் ஏறியது. காதில் சீழ் பிடித்தது. மருந்து விட்டுக்கொண்டு மறுபடி இறங்கினார். மழைக்காலம் பிடிப்பதற்குள் அம்மாவும் நானும் தம்பியும் நீந்தினோம். அதன் பிறகுதான் தூண்டில்கள் பரணிலிருந்து இறங்கின. அப்பா மட்டும் அம்மா இருந்தவரை நீந்த இறங்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, ஒரு மாலை திடீர்க் காற்றில் எங்கள் படகு கவிழ்ந்தது. படகில் அப்பா, அம்மா, நான். முங்கி எழுந்த அப்பா, பயத்தில் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இருவரும் அமிழ்ந்தார்கள். மேலே வந்ததும் அம்மா அவர் கையைப் பிய்த்தெடுத்துக் கவிழ்ந்த படகின் விளிம்பில் வைத்தார்.

"என்னைய விடுங்க! படகப் புடிங்க! கால உதைங்க!"

"முடியலம்மா…"

"முடியும். பேசாம உதைங்க!"

ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் நான் என்று படகைத் தள்ளிக்கொண்டே கரை சேர்ந்தோம். அப்பா கரையில் எல்லோர் முன்னிலும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. அம்மா ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல ரீலு. போச்சு" என்றார்.

வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தபோதும் அம்மா அழவில்லை. ஒரு சிகிச்சைக்கும் அடுத்ததற்கும் நடுவே மெஷினில் உட்கார்ந்தார். உடம்பு மிகவும் மெலிந்த பிறகு, ஏரிக்குப் போகவேண்டும் என்றார். படுத்திருக்கச் சொன்னோம். "படுத்தா சரியாயிடுமா? வண்டி சொல்லு" என்றார். கரையில் நாற்காலியில் அமர்ந்து தூண்டில் வீசினார். கைக்கு வலுவில்லாமல் தவளை காலடியிலேயே விழுந்தது. மறுபடி வீசினார். விழ விழ வீசினார். வெயில் தாழும் வேளையில் ஒரு விரால் மாட்டியது. வீட்டில் கட்டிலில் இருந்தபடியே தம்பி மனைவிக்குப் பக்குவம் சொல்லிக் குழம்பு வைக்கச் செய்தார். அவரால் ஒரு கரண்டிக் குழம்புதான் குடிக்க முடிந்தது. "புளி கம்மி" என்றார்.

சில வாரங்களில், கரண்ட் இல்லாத ஒரு மதியம், அப்பா விசிறிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் உயிர் அமைதியாகப் பிரிந்தது.

இப்போது அப்பா அதே ஏரியில் நீந்தப் பழகுகிறார். எழுபதைத் தாண்டியவர். கொஞ்ச தூரம் போனதும் மூழ்குகிறார். தம்பி தூக்கிவிட்டதும் மறுபடி கையை வீசுகிறார்.

நான்காம் மாடியின் செங்குத்தான படிக்கட்டில் அம்மாவை நாற்காலியோடு சுமந்து இறக்கி ஏற்றிய கீழ்வீட்டுக்காரர்களுக்கும், மருந்து கிடைக்காத நாட்களில் கடை கடையாக அலைந்து வாங்கிவந்த உறவினர்களுக்கும், செய்தி கேட்டு முதல் பஸ்ஸில் வந்து அம்மாவைக் குளிப்பாட்ட உடன் நின்ற டாவ் சான் அவர்களுக்கும், இலவசமாக இறுதி ஊர்தி கொண்டுவந்த இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். "இனிமே அந்த ஏரிப் பக்கம் போவாதீங்க, மனசு தாங்காது" என்று எங்கள்மீதுள்ள அன்பினால் சொன்னவர்களுக்கும் நன்றி.

வரும் ஞாயிறும் நாங்கள் போகிறோம்.