உனக்கு அவசரம், எனக்கு க்ரீம்

வேகத்தடை ஒன்று கண்ணில் பட்டதும் அண்ணி இருக்கையிலிருந்து சற்றே எழும்பிக்கொள்கிறார். தம் எடை குறைந்தால் வண்டி அந்த மேட்டில் மெதுவாக ஏறி இறங்கும் என்பது அவருடைய நம்பிக்கை. மூச்சையும் பிடித்துக்கொள்வார். முன் சக்கரங்கள் இறங்கிய பிறகு பாதி மூச்சு. பின் சக்கரங்களும் இறங்கிய பிறகுதான் மீதி. பின்னால் வருகிற வண்டிகள் பொறுமை இழந்து ஒலியெழுப்பும்போது, கண்ணாடியைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் பதில் சொல்வார்: "போ ராசா, தாராளமாப் போ. உனக்கு அவசரம், எனக்கு க்ரீம்."

என் மூத்த அண்ணனின் மனைவியான அவர், திருமணங்களுக்கும் பிறந்தநாள்களுக்கும் கேக் செய்து தருபவர். வீட்டின் பின்னறைதான் அவருடைய பட்டறை. அங்கே ஆளுயரக் குளிர்பெட்டி ஒன்றும், சுழலும் மேசை ஒன்றும், கதவு சரியாக மூடாததால் நாற்காலியொன்றை முட்டுக்கொடுத்து வைத்திருக்கும் அடுப்பு ஒன்றும் உண்டு. அவர் வேலை செய்யும்போது அறைக்குள் யாரும் தும்மக்கூடாது. மின்விசிறியும் சுழலக்கூடாது. சர்க்கரை இதழ்கள் காய்ந்து நொறுங்கிவிடும் என்பதால், வேர்த்து ஒழுகிக்கொண்டே பூக்களைச் செய்வார். செய்து முடித்ததைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிற அண்ணியைப் பார்த்தால், நிறைகுடத்தோடு கயிற்றின்மேல் நடப்பவரைப் போலத் தோன்றும்.

அவருடைய கார், ஜப்பானிய நிறுவனம் ஒன்று அதிகம் செலவழிக்க இயலாதவர்களை மனத்தில் வைத்துத் தயாரித்த சிறிய கார். வெள்ளை நிறம். ரொட்டிப் பெட்டிக்குச் சக்கரம் பொருத்தியதைப் போன்ற உயரமான சதுர உருவம். ஜப்பானிலேயே யாரோ ஓட்டி, பிறகு கப்பலேறி வந்தது. சாவியைத் திருப்பினால் உள்ளிருந்து ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் மிகப் பணிவாக ஏதோ சொல்லும். அந்தக் குரலை நிறுத்தித் தருவதாக அவருடைய மகளின் கணவரான மாப்பிள்ளை ஒருமுறை முன்வந்தபோது அண்ணி இசையவில்லை. "பாவம், ஊரு விட்டு ஊரு வந்திருக்கா. ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறா, விடுங்க" என்றார். இன்றுவரை அந்தக் குரலுக்கு, "சரிம்மா, பார்த்துப் போறேன்" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் வண்டியை நகர்த்துகிறார்.

"அவ என்ன சொல்றான்னு உனக்குப் புரியுதா?" என்று அண்ணன் கேட்டதற்கு, "உங்கம்மா சொன்னதெல்லாம் புரிஞ்சா தலையாட்டினேன்?" என்றார் அண்ணி.

அண்ணன் பேருந்து ஓட்டுநர். வாழ்க்கையின் பெரும்பகுதியை உயரமான இருக்கையில் கழித்தவர். வீட்டுக்கு ஒரு வாகனம் வாங்குவதை வெகுகாலம் அவர் தேவையற்றதென்றே கருதினார். அவருடைய கருத்து மாறாமலேயே கார் வந்ததற்குக் காரணம் ஒரு டாக்சி. அண்ணி அதில் மூன்றடுக்குத் திருமணக் கேக் ஒன்றை ஏற்றிச் சென்றபோது, குறுக்கே ஓடிய நாய்க்காக ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். நாய் பிழைத்தது. மேலடுக்கு வழுக்கி, சர்க்கரையில் செய்த மணமகனும் மணமகளும் மூக்கு முட்டக் க்ரீமில் கவிழ்ந்தார்கள். மண்டபத்துச் சமையலறையில் இரவல் கத்தி ஒன்றை வாங்கி அண்ணி அவர்களைத் தூக்கி நிறுத்தினாராம். இது அவர் சொல்லக் கேட்டது. அதன் பிறகு வீட்டில் நடந்த உரையாடலின்போது நான் உடனிருந்தேன்.

"எனக்குன்னு ஒரு வண்டி வேணுங்க."

"நான் எதுக்கு இருக்கேன்?"

"நீங்க பஸ் ஓட்ட இருக்கீங்க. உங்க பஸ்ல வர்றவங்களே இறங்கினதும் கை காலெல்லாம் இருக்கான்னு தடவிப் பார்க்குறாங்க. என் கேக்கு தாங்குமா?"

பழைய கார் விற்பவரிடம் மூவரும் போனோம். விற்பனையாளர் இயந்திரத்தைப் புகழ்ந்தார். எரிபொருள் மிச்சமாவதை விளக்கினார். "ஜப்பான்காரன் செஞ்சதும்மா. கல்லு மாதிரி நிக்கும்" என்றார். அண்ணி எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். கையில் காலியான கேக் பெட்டி ஒன்று, அவரிடம் உள்ளதிலேயே பெரியது. ஒவ்வொரு காராகப் பின்கதவைத் திறந்து பெட்டியை உள்ளே வைத்துப் பார்த்தார். அண்ணனுக்குப் பிடித்திருந்த சிவப்புக் காரில் பெட்டியின் மூலை இடித்தது. அது அத்துடன் முடிந்தது. வெள்ளைக் காரில் பெட்டி சாயாமல் அமர்ந்து, கதவும் மூடிக்கொண்டது.

"இது போதும்" என்றார் அண்ணி.

"ஓட்டிப் பார்க்க வேணாமாம்மா?"

"ஓட்டக் கத்துக்கிட்டதும் வந்து பார்க்குறேன்."

விற்பனையாளர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சிவப்புக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயிற்சிப் பள்ளியின் உதவியால் உரிமம் கிடைத்தது. ஓட்டும் கலையைக் கற்பித்தது கேக்தான். போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறந்து, க்ரீமில் எங்கே மயிரிழை விரிசல் கண்டிருக்கிறது என்று பார்ப்பார். அது எந்தத் திருப்பத்தில் விழுந்தது என்பதையும் யூகித்துவிடுவார். "நான் ஒண்ணும் பண்ணலைன்னு சொன்னாலும் க்ரீமு காட்டிக் குடுத்துரும்" என்பார். நாளடைவில் அவருடைய நகரம் வேறாகிவிட்டது. நமக்கு அருகிலுள்ளவை, தொலைவிலுள்ளவை என்று இடங்கள் இருக்கின்றன. அவருக்கு வழவழப்பானவை, கரடுமுரடானவை என்று இருக்கின்றன. அடிக்கடி கேக் வாங்கும் பல் மருத்துவர் வீட்டுக்கு எங்கள் தெருவிலிருந்து நேர்வழி உண்டு. அண்ணி நூலகத்தைச் சுற்றிப் போவார். அந்தச் சாலை புதிதாகப் போடப்பட்டது. "ரோடுன்னா அது. சப்பாத்திக் கட்டையால தேய்ச்ச மாதிரி." வேகத்தடைகளுக்குப் பெயரும் சூட்டியிருக்கிறார். பள்ளிக்கூடத்து வாசலில் இருப்பது 'நல்லவன்'. தபால் நிலையத் திருப்பத்தில் மரநிழலுக்குள் ஒளிந்திருப்பது 'திருட்டுப்பய'.

வண்டி காலியாக இருக்கும்போதும் அவர் இப்படித்தான் ஓட்டுகிறார். காய்கறி வாங்கப் போனாலும் கேக்கின் வேகம்தான். "நீ போற வேகத்துக்கு, நடந்து போறவன்கூட லிஃப்ட் கேக்க மாட்டான்" என்பது அண்ணனின் நிரந்தரக் கேலி. குடும்பத்தார் அண்ணியின் காரைப் பாராட்டுவார்கள்; கண்ணாடி பளிச்சென்று இருப்பதாகச் சொல்வார்கள்; பிறகு அவசர வேலை ஒன்றை நினைவுபடுத்திக்கொண்டு வேறு வண்டியில் ஏறிக்கொள்வார்கள். அண்ணி அதைப் பொருட்படுத்தியதாக நான் அறிந்ததில்லை, அவருடைய மகள் கருவுறும் வரையில்.

மகளின் பேறுகாலம் நெருங்கியபோது ஒருநாள், அண்ணி காரின் பின்பக்கத்தைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பதைக் கண்டேன். கேக் பெட்டிக்காக மடக்கியே வைத்திருந்த பின்னிருக்கையை நிமிர்த்தி, அதில் பச்சிளங் குழந்தைக்கான இருக்கை ஒன்றைப் பொருத்தியிருந்தார்.

"சும்மா, அளவு பார்த்தேன் தம்பி" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. பிறகு துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "புள்ளையை இதுல வச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்னு ஒரு ஆசை. மாப்பிள்ளை புதுசா பெரிய வண்டி வாங்கியிருக்காரு. நாம கேட்டா நல்லாவா இருக்கும்? வெளிய சொல்லிராதீங்க."

நான் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் வண்டி உண்மையிலேயே பெரியது; ஏறுவதற்குத் தனியாக ஒரு படி உண்டு. குழந்தை அதில்தான் வரும் என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. அண்ணியிடம் யாரும் கேட்கவும் இல்லை.

பெண் குழந்தை, அறுவை சிகிச்சையில் பிறந்தது. தாயும் சேயும் நலம். மருத்துவமனையிலிருந்து புறப்படும் நாளன்று மாப்பிள்ளை தம் வண்டியின் நான்கு மூலைகளிலும் பலூன்களைக் கட்டிக்கொண்டு வந்தார். அண்ணி வழக்கம்போல் மாற்றுத்துணிகளுடனும் பால் குடுவையுடனும் வந்து, தம் காரைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். பைகளைச் சுமந்துகொண்டு நானும் அண்ணனும் பின்னால் நடந்தோம். மகளின் கண்கள் சிவந்திருந்தன. பிரசவத்துக்குப் பின் அவள் சேர்ந்தாற்போல் தூங்கவேயில்லை. பக்கத்துப் படுக்கைக் குழந்தை அழுது ஓய்ந்தால் இவள் குழந்தை தொடங்கும்.

மாப்பிள்ளை கதவைத் திறந்து பிடித்தார். மகள் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைக்கப் பார்த்தாள். பாதியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"முடியலைங்க. தையல் இழுக்குது."

"தூக்கி விடட்டுமா?"

"ஐயோ, வேணாம்!"

பக்கத்தில் நின்ற வெள்ளைக் காரின் இருக்கையோ சரியாக இடுப்பளவில் இருந்தது. மகள் அதைப் பார்த்தாள். "நான் அம்மா வண்டியில வர்றேங்க. மெதுவாப் போகும்" என்றாள்.

மாப்பிள்ளை பெருந்தன்மையானவர். "அதுவும் சரிதான். அத்தை, உங்களுக்குச் சிரமம் இல்லையே?" என்றார்.

"எனக்கு என்ன சிரமம்" என்று சொன்ன அண்ணியின் காது மடல்கள் சிவந்துவிட்டன. சாவியைப் பையில் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. மாப்பிள்ளை அதற்குள் குழந்தையை ஏந்திக்கொண்டு வெள்ளைக் காரின் பின்கதவைத் திறந்துவிட்டார். திறந்தவர் அப்படியே நின்றார்.

குழந்தை இருக்கையில் ஏற்கெனவே யாரோ படுத்திருந்தார்கள். பூத்துவாலை சுற்றி, வார்ப்பட்டை மாட்டி, கழுத்துக்கு ஒரு சுருட்டிய கைக்குட்டையும் வைத்துப் பாந்தமாகப் படுக்க வைத்திருந்தது ஒரு மைதா மூட்டை.

"அத்தை, இது யாரு?"

அண்ணன் எட்டிப் பார்த்தார். துவாலையை விலக்கி, மூட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தார். "குழந்தை எடைதான் இருக்கு. தினமும் இதை வச்சுக்கிட்டா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓட்டிக்கிட்டிருந்தே?"

"நர்சம்மாகிட்ட எடை கேட்டுக்கிட்டேன்" என்றார் அண்ணி, தரையைப் பார்த்தபடி. "மாவு ஒரு பக்கமா ஒதுங்கினா எந்தத் திருப்பத்துல ஒதுங்குதுன்னு தெரியும்ல. சும்மா... ஒருவேளை தேவைப்பட்டா."

மகள் சிரிக்கத் தொடங்கி, "அம்மா, சிரிக்க வைக்காதே, தையல்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை குழந்தையை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, மைதா மூட்டையை மரியாதையுடன் இரு கைகளிலும் வாங்கிக்கொண்டார். "மூத்தவங்க என் வண்டியில வரட்டும்" என்றார்.

அண்ணன் முன்னிருக்கையில் ஏறப் போனார். அண்ணி விடவில்லை. "நீங்க அதுல போங்க. ஆள் கூடுனா வண்டி அழுந்தும்."

"அப்போ நாளைக்குச் சாயந்திரம் வீட்டுல பார்ப்போம்" என்றார் அண்ணன்.

பலூன் வண்டியில் பைகளும், மைதாவும், நாங்களும் வீடு வந்து சேர்ந்தோம். சம்பந்தியம்மாள் ஏற்கெனவே வாசலில் காத்திருந்தார். மாப்பிள்ளை பலூன்களை அவிழ்த்து வாயிற்கதவில் கட்டினார். அண்ணன் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நின்றார். அடுத்த வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. சம்பந்தியம்மாளுக்கு நாற்காலி கொண்டுவரப்பட்டது. "நடந்தே வந்திருந்தா குளிச்சே முடிச்சிருக்கலாம்" என்று அண்ணன் தொடங்கினார். ஆனால் அவர் கண் தெருமுனையைவிட்டு அகலவில்லை.

கடைசியில் அந்த வெள்ளைச் சதுரம் முனையில் திரும்பியது. எல்லோரும் முன்னால் நகர்ந்தோம். மாப்பிள்ளை கையைத் தூக்கி ஆட்டினார். கார் நெருங்க நெருங்கப் பின்னிருக்கையோரக் கண்ணாடி தெளிந்தது. மகளின் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது; வாய் சற்றே திறந்திருக்க, அசையாத உறக்கம். அவளருகே இருக்கையில் ஒரு சிறிய தொப்பியும், அதே உறக்கமும்.

அண்ணி எங்களைப் பார்த்தார். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, விரலை உதட்டின்மீது வைத்துக் காட்டினார். பிறகு, திறந்திருந்த கதவையும், பலூன்களையும், வாய் பிளந்து நின்ற எங்கள் அனைவரையும் கடந்து, அதே வேகத்தில் தெருவின் மறுமுனையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார்.